தரையில் இறங்கியதும் நின்றுபோகும் ரோபோ: புது போர்டு வாங்கும் முன் அளக்க வேண்டியவை

உங்கள் கேள்வியை முதலில் என் சொற்களில் சொல்கிறேன். நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று நீங்களும் பார்த்துக்கொள்ளலாம். கல்லூரி ரோபோ சாக்கர் போட்டிக்காக நான்கு சக்கர ரோபோ ஒன்று செய்திருக்கிறீர்கள். நான்கு 12 வோல்ட் கியர் மோட்டார், மோட்டாருக்கு மின்சாரம் கொடுத்து ஓட்டும் இரண்டு எல்298என் டிரைவர் போர்டு, மூளையாக ஒரு ஆர்டுயினோ ஊனோ, போனிலிருந்து ஓட்ட எச்சி-05 புளூடூத், 3 செல் லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி. ஊனோவுக்கு வேண்டிய 5 வோல்ட்டை ஒரு டிரைவர் போர்டிலிருந்தே எடுத்திருக்கிறீர்கள். சக்கரங்களைத் தூக்கி மேசையில் வைத்து ஓட்டினால் ஒரு குறையும் இல்லை. தரையில் இறக்கி வேகமாகத் திருப்பினாலோ, இன்னொரு ரோபோவில் முட்டினாலோ சட்டென்று நின்று, சிறிது நேரத்தில் மறுபடி உயிர் பெறுகிறது. சில சமயம் பட்டனை விட்ட பிறகும் நிற்காமல் ஓடுகிறது. இதுவரை இரண்டு டிரைவரும் ஒரு ஊனோவும் போய்விட்டன. சீனியர் ‘டூப்ளிகேட் போர்டு’ என்கிறார், டீமில் ஒருவர் ‘புரோகிராம் கோடில்தான் பிழை’ என்கிறார். போட்டிக்குப் பத்து நாள் இருக்கிறது, எந்த போர்டு வாங்கலாம் என்று கேட்கிறீர்கள்.

எந்த போர்டு என்பதற்கு முன்னால், எது இவற்றைக் கொல்கிறது என்பதற்கு விடை வேண்டும். அது தெரியாமல் வாங்கினால் புதிதாக வருவதும் அதே வயரிங்கில்தான் போய் உட்காரும். நான் பல வருடங்கள் பவர் சப்ளை சர்வீஸ் பார்த்தேன். பிறகு ஒரு கல்லூரி எலக்ட்ரானிக்ஸ் லேபில் இருந்துகொண்டு மாணவர் டீம்களுக்கு உதவி வருகிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: எரிந்த பொருள் இருக்கும் இடமும் கோளாறு இருக்கும் இடமும் பெரும்பாலும் வேறு வேறு.

மேசையில் ஓடி தரையில் நிற்கிறது என்பதே பெரிய துப்பு. டிசி மோட்டார் சுற்றும்போது அதற்குள்ளேயே ஒரு எதிர் வோல்டேஜ் உண்டாகி மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துகிறது. காற்றில் சுற்றும் சக்கரம் அரை ஆம்பியரோ அதற்கும் குறைவாகவோதான் எடுக்கும். சக்கரம் நின்றுவிட்டால் அந்த எதிர் வோல்டேஜ் இல்லை. அப்போது மின்னோட்டத்தைத் தடுக்க இருப்பது உள்ளே சுற்றியிருக்கும் செம்புக் கம்பியின் ஓம் மட்டுமே. உங்கள் மோட்டாரின் இரண்டு முனைகளையும் கழற்றிவிட்டு மல்டிமீட்டரில் ஓம் பாருங்கள். முதலில் புரோப் இரண்டையும் ஒன்றோடொன்று தொட்டு, வரும் அளவைக் கழித்துக்கொள்ள வேண்டும். ஷாஃப்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி நான்கைந்து இடங்களில் அளந்தால் பிரஷ் நிற்கும் இடத்தால் வரும் வித்தியாசம் தெரியும். கடைகளில் ஜான்சன் மோட்டார் என்று கேட்டு வாங்கும் வகையில் நான் அளந்தவை 1 முதல் 2 ஓம் வரை இருந்தன. 1.5 ஓம் என்றால் 12 வோல்ட்டில் 8 ஆம்பியர். நின்ற நிலையிலிருந்து கிளம்பும் ஒவ்வொரு முறையும் அந்த முதல் நொடித்துளியில் மோட்டார் கேட்பது இதைத்தான். முட்டி நிற்கும்போது கேட்பதும் இதைத்தான்.

எல்298என் சிப் ஒரு சேனலுக்கு, அதாவது ஒரு மோட்டாருக்கான வழிக்கு, தொடர்ந்து தாங்குவது 2 ஆம்பியர். அதுவும் ஹீட் சிங்க் ஒழுங்காக வேலை செய்தால்தான். பழைய பைபோலார் டிசைன் என்பதால் சிப்புக்குள்ளேயே வோல்டேஜ் வீணாகிறது. 2 ஆம்பியரில் அந்த இழப்பு 4.9 வோல்ட் வரை போகலாம் என்று அதன் டேட்டாஷீட்டே சொல்கிறது. எனவே உங்கள் மோட்டாருக்கு இந்த டிரைவர் சின்னது. உங்கள் கேள்வியை மட்டும் படித்துவிட்டு நான் உறுதியாகச் சொல்லக்கூடிய முதல் விஷயம் இதுதான். ஒரிஜினல் சிப்பாக இருந்திருந்தாலும் போயிருக்கும். டூப்ளிகேட் சந்தையில் இல்லாமல் இல்லை, ஆனால் ஒரே சர்க்யூட்டில் மூன்று போர்டு போனால் நான் முதலில் சர்க்யூட்டைத்தான் சந்தேகிப்பேன்.

ரோபோ ஏன் செத்துப் பிழைக்கிறது? அந்த டிரைவர் போர்டில் 5 வோல்ட் தருவது 78எம்05 என்ற சின்ன ரெகுலேட்டர். 5 வோல்ட் ஒழுங்காக வெளியே வர, உள்ளே சுமார் 7 வோல்ட்டாவது வேண்டும். முழு சார்ஜில் உங்கள் பேட்டரி 12.6 வோல்ட், அவ்வளவு எப்படி இறங்கும் என்று தோன்றும். கணக்குப் போடுவோம். முட்டும்போதும் சட்டென்று திசை மாறும்போதும் மொத்தம் 10 ஆம்பியர் ஓடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். டிரைவரின் இழப்பே மின்னோட்டத்தைக் கொஞ்சம் குறைத்துவிடுவதால் நான்கு எட்டு 32 ஆம்பியர் வராது. பேட்டரியிலிருந்து போர்டு வரை போய்த் திரும்பும் பாதையில் அரை ஓம் இருந்தால் போதும், 5 வோல்ட் வழியிலேயே காணாமல் போகும். பேட்டரி இறங்கி 11.1 வோல்ட்டில் இருந்தால் போர்டுக்குக் கிடைப்பது 6 வோல்ட் சொச்சம். ‘முதல் மேட்ச் நன்றாக ஓடியது, இரண்டாவதில்தான் பிரச்சினை’ என்று பல டீம்கள் சொல்வதன் காரணம் இங்கே இருக்கலாம்.

அரை ஓம் எங்கிருந்து வரும்? 28 ஏடபிள்யூஜி (வயரின் தடிமன் அளவு, எண் கூடினால் வயர் மெலிது) ஜம்பர் வயர் மீட்டருக்கு 0.21 ஓம். முப்பது சென்டிமீட்டர் போக, முப்பது வர, அதுவே 0.13 ஓம். மலிவான ஜம்பர்களில் பல முழுச் செம்பும் கிடையாது, அவற்றில் இன்னும் கூடும். அத்துடன் ஒரு சின்ன ராக்கர் சுவிட்ச், முறுக்கி டேப் சுற்றிய இரண்டு ஜாயின்ட், லூசாக இருக்கும் ஒரு ஸ்க்ரூ டெர்மினல். இவ்வளவும் சேர்ந்தால் அரை ஓம் வந்துவிடும்.

இதில் ஒரு அனுபவத்தைச் சொல்ல வேண்டும். ஒரு டீமின் ரோபோ, போட்டிக்கு முந்தைய நாள், உங்களுடையதைப் போலவேதான் நின்று நின்று ஓடியது. இரவு முழுக்கப் புரோகிராமை மாற்றிக்கொண்டிருந்தோம். இரண்டு ஊனோ மாற்றினோம், புளூடூத் மாற்றினோம். விடியற்காலையில் ஒரு மாணவி பேட்டரியை அணைக்கக் கை வைத்தவர் சட்டென்று கையை எடுத்துக்கொண்டார், சுவிட்ச் சுட்டது. அதன் உள்ளே கான்டாக்ட் கருகியிருந்தது. மீட்டரில் கன்டின்யூட்டி (இணைப்பு இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை) வைத்தால் பீப் அடிக்கும், ஆனால் 8 ஆம்பியர் ஓடும்போது அந்தச் சுவிட்சின் இரண்டு காலுக்கும் நடுவே 3 வோல்ட்டுக்கு மேல் நின்றது. முப்பது ரூபாய்ப் பொருள். அன்றிலிருந்து கன்டின்யூட்டி பீப்பை நான் நம்புவதில்லை. பல மீட்டர்களில் முப்பது நாற்பது ஓம் வரைக்கும் பீப் வரும். பத்து இழையில் ஒன்பது அறுந்து ஒரு இழையில் தொங்கும் வயரும் பீப் அடிக்கும்.

அதற்குப் பதில் செய்ய வேண்டியது லோடு ஓடும்போது வோல்டேஜ் டிராப் பார்ப்பது. மீட்டரை டிசி வோல்ட்டில் வையுங்கள். ஒரு புரோப் பேட்டரியின் பிளஸ் முனையில், இன்னொன்று டிரைவர் போர்டின் பிளஸ் ஸ்க்ரூவில். இரண்டும் ஒரே கம்பியின் இரண்டு நுனிகள், அதனால் இடையே பூஜ்யத்துக்குப் பக்கத்தில்தான் இருக்க வேண்டும். இப்போது ஒருவர் ஒரு சக்கரத்தைத் துணி சுற்றி அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் ஒரே ஒரு நொடி அந்த மோட்டாரை ஓட்டட்டும். ஒன்று அல்லது ஒன்றரை நொடிக்கு மேல் வேண்டாம், டிரைவர் தாங்காது. இந்த ஒற்றை மோட்டார் சோதனையில் 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்தப் பாதையில் எங்கோ வோல்டேஜ் தின்கிறது. சுவிட்சின் இரண்டு பக்கம், கனெக்டரின் இரண்டு பக்கம், ஜாயின்டின் இரண்டு பக்கம் என்று துண்டு துண்டாக அளந்தால் எது என்று பிடிபடும். மைனஸ் பக்கத்தையும் அதேபோல் பாருங்கள். பெரும்பாலானோர் பிளஸ்ஸை மட்டும் பார்த்து விட்டுவிடுகிறார்கள், கிரவுண்ட் வயரும் அதே மின்னோட்டத்தைச் சுமக்கிறது. பேட்டரியையும் விட்டுவிடாதீர்கள். பேட்டரியிலிருந்து வரும் சின்ன பேலன்ஸ் கனெக்டரில் மூன்று செல்லையும் தனித்தனியாக அதே லோடில் பார்த்தால், மற்ற இரண்டைவிட அதிகம் இறங்கும் நோஞ்சான் செல் தெரிந்துவிடும். உப்பியிருந்தால் அளக்கவே வேண்டாம், அந்தப் பேட்டரியை ஒதுக்கிவிடுங்கள்.

சாதாரண மல்டிமீட்டர் நொடிக்கு இரண்டு மூன்று முறைதான் எண்ணை மாற்றும். பத்து மில்லி நொடி மட்டும் விழுந்து எழும் 5 வோல்ட் அதன் கண்ணில் படாது. ‘5 வோல்ட் சரியாகத்தான் இருக்கிறது சார்’ என்று மாணவர்கள் சொல்லும்போது அவர்கள் பார்த்தது உண்மைதான், விழுந்த கணம்தான் தப்பியிருக்கும். வோல்டேஜ் ஏறி இறங்குவதைத் திரையில் வரைந்து காட்டும் ஆசிலாஸ்கோப் உங்கள் லேபில் கட்டாயம் இருக்கும். ஊனோவின் 5 வோல்ட் பின்னில் புரோப் வைத்து, டிரிக்கரை 4.5 வோல்ட்டில் கீழிறங்கும் விளிம்புக்கு வைத்து, ஒரே ஒரு முறை பதிவு செய்யும் சிங்கிள் ஷாட் அழுத்திவிட்டு ரோபோவைச் சுவரில் முட்ட விடுங்கள். திரையில் பள்ளம் பதிந்தால் விவாதம் முடிந்தது. ஸ்கோப்பின் கிரவுண்ட் கிளிப்பை ரோபோவின் மைனஸ்ஸில் மட்டும் மாட்டுங்கள். மோட்டார் முனையில் மாட்டினால், அதே நேரம் லேப்டாப் யுஎஸ்பியும் ரோபோவில் செருகியிருந்தால், எர்த் வழியாக ஷார்ட் ஆகும்.

ஸ்கோப் கிடைக்காவிட்டாலும் வழி உண்டு. புரோகிராம் தொடங்கும்போது ஒரு முறை மட்டும் ஓடும் செட்அப் பகுதியில் 13ஆம் பின் எல்இடியை ஐந்து முறை வேகமாகச் சிமிட்ட விடுங்கள். ரோபோ நின்று எழும்போது அந்தச் சிமிட்டல் வந்தால் ஊனோ ரீசெட் ஆகியிருக்கிறது. கூடவே எச்சி-05 எல்இடியையும் கவனியுங்கள். போனோடு இணைந்திருக்கும்போது விட்டு விட்டு இரண்டு சிமிட்டல், இணைப்பு இல்லாதபோது நிற்காமல் வேகமான சிமிட்டல். ஊனோ ரீசெட்டும் புளூடூத் துண்டிப்பும் ஒன்றாக நடந்தால், இரண்டுக்கும் பொதுவான 5 வோல்ட் விழுந்தது என்று கிட்டத்தட்ட அடித்துச் சொல்லலாம். ஊனோ உயிரோடு இருந்து மோட்டார் மட்டும் நின்று, சிறிது நேரம் கழித்து ஓடினால் அது வேறு கதை. எல்298என் சிப்புக்குள் சூடு பாதுகாப்பு இருக்கிறது, அது அணைத்து ஆறிய பின் திறந்திருக்கலாம்.

பட்டனை விட்டும் ஓடிக்கொண்டே இருக்கும் கோளாறு ரீசெட் கிடையாது. ரீசெட் ஆனால் பின்கள் விடுபட்டு மோட்டார் நின்றுவிடும். இங்கே உங்கள் நண்பர் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. முன்னே போகச் சொல்லும் ஓர் எழுத்து வந்தால் பின்களை ஆன் செய்துவிட்டு, நிறுத்தும் எழுத்து வரும்வரை அப்படியே விடும் கோடுதான் பெரும்பாலான டீம்களிடம் இருக்கும். நடுவில் இணைப்பு அறுந்தால் நிறுத்தச் சொல்ல ஆளில்லை. கடைசியாக எழுத்து வந்த நேரத்தை ஆர்டுயினோவின் நேரம் சொல்லும் மில்லிஸ் கட்டளை கொண்டு குறித்துவைத்து, 300 மில்லி நொடிக்குப் புதிதாக எதுவும் வராவிட்டால் எல்லா மோட்டாரையும் நிறுத்துங்கள். பட்டன் அழுத்தியிருக்கும் வரை எழுத்தைத் திரும்பத் திரும்ப அனுப்பும் போன் ஆப்பாக இருந்தால்தான் இது வேலை செய்யும். தயவுசெய்து இதை இன்றே செய்யுங்கள். அரங்கில் பிடிப்பில்லாமல் ஓடும் ரோபோ யாருடைய காலிலாவது ஏறும்.

அந்த ஓட்டத்துக்கு இன்னொரு காரணமும் இருக்கலாம், இது சந்தேகம்தான். ஊனோவின் ஏடிமெகா328பி சிப் 16 மெகாஹெர்ட்ஸில் ஒழுங்காக நடக்கச் சுமார் 3.8 வோல்ட் வேண்டும். ஆனால் ஊனோவில் வழக்கமாக அமைத்திருக்கும் பிரவுன்-அவுட் எல்லை, அதாவது அதற்குக் கீழே போனால் சிப் தானே ரீசெட் ஆகும் அளவு, 2.7 வோல்ட். இடைப்பட்ட பகுதியில் வோல்டேஜ் நின்றால் சிப் ரீசெட்டும் ஆகாது, சரியாக வேலை செய்யும் என்ற உத்தரவாதமும் இல்லை. ஸ்கோப்பில் பள்ளத்தின் அடி இந்த இரண்டுக்கும் நடுவே இருந்தால் சந்தேகம் வலுக்கும். அரங்கத்தில் மட்டும் இணைப்பு போகிறது, லேபில் போகவில்லை என்றால் 2.4 கிகாஹெர்ட்ஸ் நெரிசலையும் கணக்கில் எடுங்கள். இருபது டீமும் நூறு போனும் அங்கே அதே அலைவரிசையில்தான் இருக்கும். எச்சி-05 பெயரையும் 1234 என்ற ரகசிய எண்ணையும் மாற்றிவிட்டுப் போங்கள், பக்கத்து டீமின் போன் உங்கள் ரோபோவைப் பிடித்துக்கொள்வது நடக்கிற விஷயம்.

இப்போது டிரைவருக்கு வருவோம். பலர் சொல்வதுபோல் பிடிஎஸ்7960 என்ற பெரிய டிரைவர் மாடியூல் உங்கள் மோட்டாருக்குப் பொருந்தும். ஒரு மாடியூல் ஒரு மோட்டாருக்கு, அல்லது ஒரே பக்கத்து இரண்டு மோட்டாரை இணையாக ஒன்றுக்கு. கடையில் 43 ஆம்பியர் என்று எழுதியிருப்பார்கள். அது சிப் தன்னைக் காத்துக்கொள்ள வெட்டும் அளவு, தொடர்ந்து தரும் அளவு இல்லை. உங்களுக்கு அதில் பாதிகூடத் தேவையில்லை என்பதால் கவலை இல்லை. ஆனால் ஒன்று முக்கியம். எல்298என் சிப்பின் இழப்புதான் இதுவரை மின்னோட்டத்தை அமுக்கி வைத்திருந்தது. நல்ல டிரைவர் போட்டதும் அந்தத் தடை போய்விடும், முட்டும்போது மோட்டார் முழு 8 ஆம்பியரையும் இழுக்கும். பழைய ஜம்பர் வயரையும் பழைய சுவிட்சையும் வைத்துக்கொண்டு டிரைவரை மட்டும் மாற்றினால் ரீசெட் கூடத்தான் செய்யும். அப்போது எல்லோரும் புது டிரைவரைத் திட்டுவீர்கள். பேட்டரியிலிருந்து டிரைவர் வரை 14 அல்லது 16 ஏடபிள்யூஜி சிலிக்கோன் வயர், எக்ஸ்டி60 கனெக்டர், கார்களில் போடும் 20 ஆம்பியர் பிளேடு ஃபியூஸ், அந்த மின்னோட்டத்தைத் தாங்கும் சுவிட்ச் என்று முதலில் இவற்றை மாற்றுங்கள். ஸ்க்ரூ டெர்மினலுக்குள் போகும் வயர் நுனியில் ஈயம் வைக்காதீர்கள். ஈயம் மெதுவாக நசுங்கிக் கொடுத்து, இரண்டு நாள் அதிர்வில் ஸ்க்ரூ லூசாகிவிடும். ஃபெரூல் என்ற சின்ன உலோகக் குழாயை நுனியில் போட்டு கிரிம்ப் செய்யுங்கள் (அழுத்திப் பிடிக்க வையுங்கள்), இல்லாவிட்டால் வெறும் இழைகளை முறுக்கி இறுக்குங்கள்.

ஊனோவுக்கு டிரைவர் போர்டிலிருந்து 5 வோல்ட் எடுப்பதை விட்டுவிடுங்கள். போட்டி விதி அனுமதித்தால் தனியாக ஒரு சின்ன 2 செல் பேட்டரியை ஊனோவின் வின் என்ற மின் உள்ளீட்டுப் பின்னில் கொடுங்கள். அனுமதிக்காவிட்டால் வோல்டேஜைக் குறைத்துத் தரும் ஒரு பக் கன்வர்ட்டர் போட்டு, அதன் உள்பக்கத்தில் மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடும் ஒரு ஷாட்கி டயோடும் அதற்குப் பிறகு 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் வையுங்கள். பேட்டரி விழும் கணத்தில் டயோடு பின்னோட்டத்தைத் தடுக்கும், கெப்பாசிட்டர் 100 மில்லிஆம்பியர் லோடை வோல்ட்டுக்குப் பத்து மில்லி நொடி வீதம் தாங்கும். கிரவுண்ட் எல்லாம் பேட்டரி மைனஸ் அருகே ஒரே புள்ளியில் சேரட்டும். மோட்டார் மின்னோட்டம் ஊனோவின் கிரவுண்ட் பின் வழியாகத் திரும்பும்படி ஒருபோதும் வயர் போடக் கூடாது.

கோடில் ஒன்று உண்டு, அது டிரைவரின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. முழு வேகத்தில் முன்னே போகும்போது சட்டென்று பின்னே என்று சொன்னால், மோட்டாரின் எதிர் வோல்டேஜ் இப்போது பேட்டரியோடு சேர்ந்துகொள்கிறது. மின்னோட்டம் நின்ற நிலையில் வருவதைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு ஆகும். 150 அல்லது 200 மில்லி நொடியில் மோட்டார் வேகத்தைத் தீர்மானிக்கும் பிடபிள்யூஎம் அளவைப் படிப்படியாக இறக்கி, பிறகு திசை மாற்றி ஏற்றுங்கள். ஓட்டுபவருக்கு வித்தியாசமே தெரியாது.

செத்துப்போன ஊனோ பற்றி நான் உறுதியாக எதுவும் சொல்ல முடியாது. நீங்கள் அனுப்பிய போட்டோவில் அது அலுமினிய சேஸிஸ் மேல் நேரடியாக உட்கார்ந்திருப்பது போலத் தெரிகிறது. அடிப்பக்க சால்டர் நுனிகள் முட்டும்போது உலோகத்தைத் தொட்டிருக்கலாம். டிரைவர் எரியும்போது 12 வோல்ட் 5 வோல்ட் பக்கம் தாவியிருக்கலாம். எதுவாக இருந்தாலும் போர்டை உயர்த்தி நிறுத்தும் பிளாஸ்டிக் ஸ்டாண்ட்-ஆஃப் போடுங்கள், சேஸிஸில் டிரில் போட்ட துகள்களை பிரஷ்ஷால் துடைத்து எடுங்கள்.

எல்லாம் மாற்றி முடித்து முதன்முறை ஆன் செய்யும்போது நேராகப் பேட்டரியை மாட்டிவிடாதீர்கள். டிவி மெக்கானிக் கடையில் சீரிஸ் லேம்ப் போர்டு பார்த்திருப்பீர்கள், அதே தந்திரம் இங்கேயும் உதவும். 12 வோல்ட் 21 வாட் கார் இண்டிகேட்டர் பல்பு ஒன்றைப் பேட்டரி பிளஸ்ஸில் தொடராக வையுங்கள். எங்காவது ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரியும், மின்னோட்டம் சுமார் 1.75 ஆம்பியரோடு நின்றுவிடும், போர்டு பிழைக்கும். மோட்டாரை ஓட்டாதபோது பல்பு எரியவே கூடாது. அப்படி இருந்தால் பல்பை எடுத்துவிட்டு நேராக மாட்டலாம். லைப்போ பேட்டரி ஷார்ட்டில் நூறு ஆம்பியருக்கு மேலும் கொட்டும், கையில் இருக்கும் ஸ்பேனர் சிவக்கும் அளவுக்கு. இந்தச் சின்ன பல்பைத் தவிர்க்காதீர்கள்.

நாளைக்குப் புது போர்டு ஆர்டர் போடும் முன் மூன்று அளவுகளை மட்டும் எடுத்து இங்கே எழுதுங்கள்: மோட்டாரின் ஓம், ஒரு சக்கரத்தைப் பிடித்து ஓட்டும்போது பேட்டரி முனையிலும் டிரைவர் ஸ்க்ரூவிலும் உள்ள வோல்ட், முட்டும்போது எந்த எல்இடி எப்படிச் சிமிட்டுகிறது. சுவிட்சையும் கனெக்டரையும் பேட்டரி கழற்றிய பிறகு தொட்டுப் பார்த்து, எது சூடாக இருந்தது என்றும் சொல்லுங்கள். பார்த்துவிட்டு என்ன வாங்கலாம் என்று சொல்கிறேன்.